மாஸ்டர் வெட்டியது

உட்காருவதற்கு முன்னால் மேஜையை உள்ளங்கையால் ஒரு முறை வழித்துவிடுகிறார். ஊசி கிடக்கிறதா என்று பார்க்கிற வழி அது. முதியோர் பகல்நேர மையத்தின் கைவினை மேஜைக்கு ஊசி எங்கிருந்து வரும். போன வாரத்துப் பசையும் ஜிகினாத் தூளும்தான் கையில் ஒட்டுகின்றன. முகத்தைச் சுளித்துக்கொண்டு கையைத் தட்டிவிட்டு, கழுத்தில் தொங்கும் டேப்பை இழுத்து, எதிரே இருக்கும் காலி அட்டைப் பால் டப்பாவை அளக்கிறார். உயரம், அகலம், சுற்றளவு. கைவினை டீச்சர் இன்னும் வாயையே திறக்கவில்லை. இன்றைக்கு என்ன செய்யப் போகிறோம் என்று மேஜையில் யாருக்கும் தெரியாது. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை.

எல்லோருக்கும் அவர் மாஸ்டர். இந்த ஒரு சொல்லால் எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. என் மாமனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். புதன்கிழமை எனக்கு விடுமுறை என்பதால், அவரை மையத்துக்கு அழைத்துவந்து வகுப்பு முடியும்வரை பின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது என் பொறுப்பு. முதல் நாள் சமையலறையிலிருந்து யாரோ, "மாஸ்டர், டீ ஆறுது" என்று குரல் கொடுத்தார்கள். மாமனார் கம்பீரமாக எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "இதோ வரேன்" என்றார். அதற்குள் கழுத்தில் டேப் மாட்டிய அம்மாள் ஒருவர் அவரைத் தாண்டிப் போய் டீயை எடுத்துக் குடிக்க ஆரம்பித்துவிட்டார்.

"நானும் மாஸ்டர்தாங்க, ஹெட்மாஸ்டர்" என்றார் மாமனார், கொஞ்சம் விறைப்பாக.

"பள்ளிக்கூடத்துலயா? அங்க வாத்தியார் தப்பு பண்ணினா பையன்தானே ஃபெயில் ஆவான்" என்றார் அவர், கோப்பையை வாயிலிருந்து எடுக்காமலே.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஆகாது. ஆனால் வாராவாரம் எதிரெதிரேதான் உட்காருகிறார்கள்.

இவர் கட்டிங் மாஸ்டர். ஆயத்த ஆடை தைக்கும் கம்பெனியில், துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவு அட்டையை வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு வெட்டுகிற வேலை. அவர் சேர்ந்தபோது பெண்கள் எல்லோரும் தையல் மெஷினில், ஆண்கள் எல்லோரும் வெட்டு மேஜையில். ஒருநாள் மாஸ்டர் வரவில்லை, சரக்கு அன்றே கிளம்ப வேண்டும், முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். இவர் மெஷினை விட்டு எழுந்து போய்க் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த மேஜையை விட்டுக்கொடுக்கவே இல்லை. மேஜை கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. அதே இடத்தில் நின்ற ஆணை மாஸ்டர் என்று கூப்பிட்டவர்கள் இவரை அக்கா என்று கூப்பிட்டார்கள். அதற்கும் ஒரு சண்டை போட்டிருக்கிறார்.

"அக்கான்னு கூப்பிட்டா, தப்பா வெட்டினாலும் 'பரவால்லக்கா'ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. மாஸ்டர்னாத்தான் திட்டுவாங்க. எனக்குத் திட்டு வேணும்னு சொன்னேன்" என்று என்னிடம் ஒருமுறை விளக்கினார். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

கைவினை டீச்சர் சின்னப் பெண். நல்ல பெண், உடம்பு முழுக்க இரக்கம். அந்த இரக்கம்தான் மாஸ்டருக்கு ஒத்துக்கொள்வதில்லை. "பாட்டி, இன்னைக்கு நாம முட்டை அட்டையில ரோஜாப்பூ செய்யலாமா? ரொம்ப ஈஸி" என்று முதல் வகுப்பில் குனிந்து, காதுக்கு அருகில் வந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

"யாருக்குப் பாட்டி? எனக்கு ஒரு பேரன் இருக்கான். அவனே பாட்டின்னு வாயைத் திறந்து கூப்பிட்டு மாசக்கணக்காகுது. நீ எதுக்கும்மா சிரமப்படற?"

டீச்சர் நிமிர்ந்துவிட்டாள்.

"அப்புறம், ஈஸின்னா நீயே செஞ்சுக்கோ. கஷ்டமா ஏதாவது இருந்தா எங்கிட்டக் கொடு."

ஆனால் அந்த வகுப்பில் எல்லாமே ஈஸி. வீட்டில் தூக்கிப்போடுகிற பொருள்களை ஆளுக்கு ஒரு பை நிறையக் கொண்டுவர வேண்டும். பால் டப்பா பேனா ஸ்டாண்டாகும். முட்டை அட்டை ரோஜாவாகும். பற்பசைப் பெட்டியை வளைத்து ஒட்டினால் கண்ணாடி வைக்கும் உறை. டிஷ்யூ சுற்றி வரும் அட்டைக் குழாய்க்கு இரண்டு கண் வரைந்தால் முயல். மாமனார் இதுவரை ஆறு முயல் கொண்டுவந்துவிட்டார், எங்கள் டிவியின் மேல் வரிசையாக உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. மாஸ்டர் ரோஜாவும் செய்யவில்லை, முயலும் செய்யவில்லை. "பூ வேணும்னா செடி இருக்கு" என்று சொல்லிவிட்டு, மருந்து வைக்கப் பெட்டி செய்வதாக அறிவித்தார். மூடியோடு, அறை அறையாக, மடக்கி எடுத்துப்போகிற மாதிரி.

அந்தப் பெட்டியின் மூடி பொருந்தவில்லை. பொருந்தவில்லை என்றால் கொஞ்சநஞ்சம் அல்ல. பெட்டிக்குத் தொப்பி போட்டதுபோல் தொளதொளவென்று ஆடியது. காரணம் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. எதை வெட்டினாலும் தையலுக்கு அரை இஞ்ச் விட்டு வெட்டுகிற கை அது. துணியில் அந்த அரை இஞ்ச் உள்ளே மடங்கிப்போகும். அட்டையில் எங்கே மடங்குவது? அப்படியே நின்றது. என் மாமனார் பல வருடத்து வஞ்சத்தைத் தீர்த்துக்கொள்பவர்போல அந்த மூடியை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்து ஒரு சுழற்று சுழற்றினார். அது நன்றாகச் சுழன்றது.

"பெருசா இருக்கே மாஸ்டர்."

"துவைச்சா சுருங்கும்" என்றார் மாஸ்டர்.

மேஜை முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் அடுத்த டப்பாவை எடுத்து அளந்தார். அதையும் அரை இஞ்ச் விட்டுத்தான் வெட்டினார். இன்றுவரை அப்படித்தான். தப்பு என்று அவருக்குத் தெரியும். கையை மாற்றிக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான்.

வெட்டுவது அவருடைய சொந்தக் கத்தரிக்கோலால். முழங்கை நீளம், கறுத்த இரும்பு, கட்டைவிரல் நுழைகிற வளையத்தில் பழைய துணிநாடா சுற்றியிருக்கும். கம்பெனியை விட்டு வரும்போது கொடுத்த கடிகாரத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இதைக் கேட்டு வாங்கி வந்தாராம். வெட்டும்போது அவர் கோட்டைப் பார்ப்பதைவிடச் சத்தத்தைத்தான் கவனிக்கிறார். "கத்திரி பேசணும். கரகரன்னா கோபமா இருக்குன்னு அர்த்தம்" என்பார். கரகரவென்றால் உடனே ஒரு சொட்டு எண்ணெய். அந்த எண்ணெய் மாமனாரின் ரோஜா மேல் தெறித்ததில் தனியாக ஒரு சச்சரவு உண்டு.

மாஸ்டரைக் காலையில் கொண்டுவந்து விட்டு, மதியம் வந்து கூட்டிப்போகிறவர் மகள். பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். வேலை நேரத்தில் இரண்டு முறை ஓடிவர வேண்டும், இரண்டு முறையும் மூச்சு வாங்கும். வாசலில் காத்திருக்கும்போது என்னிடம் பேசுவார். அப்படித்தான் வீட்டு நிலவரம் தெரிந்தது. மாஸ்டரின் கை நடுங்க ஆரம்பித்து இரண்டு வருடமாகிறது. ஒருநாள் குளியலறைக்குள் மயங்கி உட்கார்ந்துவிட்டார், கதவை உடைத்துத் தூக்கினார்கள். அதற்குப் பிறகு குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்கள். அடுப்பில் எதையோ வைத்துவிட்டு மறந்தார், அடுப்படிப் பக்கம் போகக் கூடாது என்றாயிற்று. பிறகு கத்தி போனது. கடையிலிருந்து நறுக்கிய காய்தான் இப்போது வீட்டுக்கு வருகிறது. கத்தரிக்கோலை மட்டும் மகள் விட்டுவைத்திருந்தார். அதுவும் மையத்தில் நாலு பேர் பார்க்கிற இடத்தில், புதன்கிழமை மட்டும்.

"எனக்கு மட்டும் ஆசையா? ராத்திரி பாத்ரூம் லைட் எரிஞ்சா எனக்குத் தூக்கம் போயிடுது" என்றார் மகள். நான் அவர் பக்கம்தான். என் மாமனாரின் சவரக் கத்தியை எடுத்து ஒளித்துவிட்டு பேட்டரி மெஷின் வாங்கிக் கொடுத்தவள் நான். வயதானவர்களை வைத்துக் காப்பாற்றுகிற வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் இந்த பயம் தெரியும்.

பயந்ததுபோலவே நடந்தது. ஒரு புதன்கிழமை ஷாம்பு பாட்டிலை வெட்டிக் கொண்டிருந்தார் மாஸ்டர். கெட்டிப் பிளாஸ்டிக், வழுக்கிக்கொண்டே போனது. டீச்சர், "அது வேண்டாம் மாஸ்டர், நான் வெட்டித் தரேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் கத்தரி நழுவி இடது கை ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. ரத்தம் நன்றாகவே வந்தது. அதைப் பார்த்து முதலில் வெளுத்தவர் என் மாமனார். டீச்சர் அழுதேவிட்டாள். மாஸ்டர் கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு, பாட்டிலில் பாதியில் நிற்கும் வெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா அழற? உன் விரலா?" என்றார் டீச்சரிடம். "அந்தத் தண்ணியை ஹெட்மாஸ்டருக்குக் கொடு. அவருக்குத்தான் வேணும்."

நாலு தையல் போட்டார்கள். அன்று சாயந்திரமே மகள் கத்தரிக்கோலை வாங்கி அலமாரியின் உச்சியில், பெட்டிகளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். அடுத்த புதன்கிழமை மையத்தின் பொறுப்பாளர் ஒரு பையோடு வகுப்புக்குள் வந்தார். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க நடக்கிற மனிதர், எதையும் மூன்று முறை சொல்வார். பைக்குள் இருந்தவை மழலையர் பள்ளிக் கத்தரிக்கோல்கள். மஞ்சள் பிளாஸ்டிக், மொட்டை முனை, கைப்பிடியில் வாத்து முகம். இனிமேல் எல்லோருக்கும் இதுதான் என்றார். பாதுகாப்பு முக்கியம் என்றார். பாதுகாப்புதான் முக்கியம் என்று இன்னொரு முறையும் சொன்னார்.

வாத்துக் கத்தரி காகிதத்தை வெட்டும். பால் டப்பாவைக் கடிக்கும், மெல்லும், வெட்டாது. ஒருவர் விரல் விட்டு மடக்கி மடக்கிக் கிழித்தார். ஒருவர் பல்லால் முயன்றார். ஒருத்தர் செய்த தப்புக்கு ஊருக்கே தண்டனையா என்று மேஜையில் முணுமுணுப்பு எழுந்தது, எழுந்தது மாஸ்டரைப் பார்த்துத்தான். மாஸ்டர் தன் பங்கு வாத்தைக் கையில் எடுத்து, திறந்து, மூடி, காதருகே வைத்துக் கேட்டார். பிறகு அதை மேஜை நடுவில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"இது பேச்சு வராத குழந்தை" என்றார்.

"கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாருங்க மாஸ்டர்" என்றாள் டீச்சர்.

"பண்ண மாட்டேன்."

"அப்போ வகுப்பு முடியற வரைக்கும் என்ன செய்வீங்க?"

"உக்காந்திருப்பேன். நாற்காலிக்கு முனை இல்லையே, வெட்டாது."

சொன்னபடி உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரமும் உட்கார்ந்திருந்தார். கட்டிய கை, நிமிர்ந்த முதுகு, கழுத்தில் டேப். மற்றவர்கள் கிழித்த அட்டையில் பூ ஒட்டினார்கள். ஒருவரும் அவரோடு பேசவில்லை, அவரும் யாரோடும் பேசவில்லை. வாசலில் மகள், "வீட்டிலயும் இதேதான். சாப்பிடறாங்க, தூங்கறாங்க. வாயே திறக்கல" என்றார். எனக்கே ஒரு கட்டத்தில் எரிச்சலாக இருந்தது. இந்த வயதில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று மாமனாரிடம் கேட்டேன். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார் என்று நினைத்தேன். அவர் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "அந்த மெஷின் சரியா மழிக்கறதே இல்லை, தெரியுமா" என்றார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

அதற்கடுத்த வாரம் மாஸ்டர் கையில் ஒரு ஜூஸ் டப்பாவோடு வந்தார். ஒரு லிட்டர் ஆரஞ்சு ஜூஸ் அட்டை டப்பா, மேலே ஸ்ட்ரா. மேஜையை வழித்துவிட்டார், உட்கார்ந்தார், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். குடிக்கவில்லை.

"ஜூஸ் குடிக்கலையா மாஸ்டர்?" என்றாள் டீச்சர்.

"சூடா இருக்கு. ஆறட்டும்."

டீச்சருக்கு அந்தப் பதிலில் ஏதோ இடித்தது. ஆனால் இரண்டு வாரமாக வாய் திறக்காதவர் பேசிவிட்ட சந்தோஷத்தில் விட்டுவிட்டாள். நான் பின் பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் மறுபக்கம் திரும்பியதும் ஜூஸ் டப்பாவின் அடிப்பக்கம் கதவுபோல் திறந்தது. உள்ளே கத்தரிக்கோல். டப்பாவின் உட்சுவரில் இன்னொரு அட்டை, முனைக்கு ஓர் உறை, ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் பஞ்சு. அந்த வகுப்பில் இதுவரை செய்யப்பட்ட எல்லாப் பொருளிலும் கச்சிதமானது அதுதான். அதற்கு மட்டும் தையலுக்கு விட்ட அரை இஞ்ச் சரியாக உள்ளே மடிந்து, அடிக்கதவுக்கு விளிம்பாகிவிட்டிருந்தது. மேஜைக்கு அடியில் ஒரு பால் டப்பா நாலே வெட்டில் விரிந்து படுத்தது.

எதிரே உட்கார்ந்திருந்த என் மாமனாருக்குச் சத்தம் கேட்டுவிட்டது. குனிந்து பார்த்தார். தலைமையாசிரியராக இருந்தவருக்கு மேஜைக்கு அடியில் நடப்பதைப் பிடிப்பது ரத்தத்தில் ஊறிய வேலை. இப்போது எழுந்து சொல்லிவிடுவார் என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தன் டப்பாவை எடுத்தார். முட்டியால் மேஜைக்கு அடியில் மெதுவாக மாஸ்டர் பக்கம் தள்ளிவிட்டார்.

"பேனா ஸ்டாண்டுக்கு" என்றார் உதட்டை அசைக்காமல்.

"உயரம்?"

"உங்க இஷ்டம்."

"இஷ்டமெல்லாம் கிடையாது. பேனாவைக் கொடுங்க."

இரண்டு வாரத்துக்குள் மேஜையே மாஸ்டரின் வாடிக்கையாளராகிவிட்டது. டப்பாக்கள் அடியில் போகும், வெட்டுப்பட்டு வரும். கத்தரி பேசுகிற சத்தம் கேட்டால் யாராவது உரக்க இருமுவார்கள். இருமலுக்கென்று ஒருவரை அமர்த்தியேவிட்டார்கள், பழைய பேருந்து ஓட்டுநர், நல்ல நெஞ்சு. நானும் சொல்லவில்லை. மகளை வாசலில் பார்க்கும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வரும். உள்ளே அந்த அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து உயரம் கேட்கிற குரல் நினைவுக்கு வரும். பேசாமல் வந்துவிடுவேன்.

டீச்சருக்கு ஒரே பூரிப்பு. "எல்லாரும் எவ்ளோ நீட்டா கட் பண்றீங்க. நான் சொன்னேன்ல, பழகினா ஈஸின்னு" என்று சொல்லி, பெட்டிகளையும் ஸ்டாண்டுகளையும் வரிசையாக வைத்துப் படமெடுத்து, குடும்பத்தினர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். ஆளாளுக்குக் கைதட்டும் படம் அனுப்பினார்கள். மாஸ்டரின் மகள் மட்டும் எதுவும் அனுப்பவில்லை.

மறு புதன்கிழமை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது, வழக்கமாக வராத நேரத்தில், அவர் வந்து நின்றார். மருத்துவமனைச் சீருடையைக்கூட மாற்றவில்லை. நேராக மேஜைக்கு வந்து, என் மாமனாரின் பேனா ஸ்டாண்டை எடுத்து, விளிம்பின் நடுவில் இருந்த முக்கோண வடிவச் சின்ன வெட்டின் மேல் விரலை வைத்தார். பக்கத்தில் இருந்த பெட்டியிலும் அதே வெட்டு. அதற்கடுத்ததிலும். நான் அவற்றைப் பார்த்திருக்கிறேன், அழகுக்கு என்று நினைத்திருந்தேன்.

"நாட்ச்" என்றார் மகள் டீச்சரிடம். "முன்துண்டும் பின்துண்டும் நடுவுல சேர்றதுக்காக வெட்டறது. நான் சின்ன வயசுல போட்ட ஒவ்வொரு சட்டையிலயும் உள்பக்கம் இது இருக்கும். பேனா ஸ்டாண்டுக்கு எதுக்குங்க நாட்ச்?"

பழைய ஓட்டுநர் பழக்கதோஷத்தில் இருமினார்.

மகள் அம்மாவின் மடியிலிருந்த ஜூஸ் டப்பாவை எடுத்தார். அதன் கனத்திலேயே கை தாழ்ந்தது. "இது என்னம்மா?"

"ஜூஸ்."

"அலமாரி மேலேருந்து எடுத்தியா? எப்படி எடுத்த?"

"ஸ்டூல் போட்டு."

"விழுந்திருந்தா?"

"விழலையே."

"விழுந்திருந்தா?"

"நான்தான் விழுந்திருப்பேன். நீ இல்லையே."

"தூக்கறது நான்தானேம்மா" என்றார் மகள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட இவ்வளவு மோசமாக இருந்திருக்காது. மேஜையில் எல்லோரும் தங்கள் பசைப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது சரிதான்" என்றார் மாஸ்டர்.

என் மாமனார் எழுந்து நின்றார். காலைக் கூட்டத்தில் பேசுவதுபோல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. முதலில் டப்பாவைக் கொடுத்தவன் நான்" என்றார் அச்சுத் தமிழில். யாரும் கேட்காததால் உட்கார்ந்துவிட்டார்.

இதற்குள் சாவிக்கொத்துச் சத்தத்தோடு பொறுப்பாளர் வந்துசேர்ந்தார். விஷயத்தைக் கேட்டார், டப்பாவைப் பார்த்தார், மகளிடம் திரும்பினார். "இங்க பாருங்க மேடம், வீட்டுல சம்மதம்னா எனக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுல சம்மதம் இல்லன்னா இங்க கிடையாது. நீங்க சொல்லுங்க. உங்க சம்மதம்தான்."

"யார் விரலுக்கு யார் சம்மதம்?" என்றார் மாஸ்டர்.

"அம்மா."

"இரு. தாழ்ப்பாளைக் கழட்டின. குளிக்கும்போது கதவை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால தண்ணி ஊத்திக்கறேன். ஒரு வார்த்தை சொன்னேனா? அடுப்பை எடுத்துக்கிட்ட, சரின்னேன். கத்தியை எடுத்துக்கிட்ட, சரின்னேன். நறுக்கின காயை எடுத்துத் தட்டுல வெச்சு வேடிக்கை பாக்கறேன். இதுக்கும் சரின்னு சொன்னா, அப்புறம் சரி சொல்றதுக்கு எங்கிட்ட என்ன இருக்கு? ஸ்பூனா?"

"கை நடுங்குதும்மா."

மாஸ்டர் வலது கையை நீட்டினார். எல்லோரும் பார்க்கும்படி மேஜைக்கு மேலே நீட்டினார். நடுங்கியது. நிறுத்த அவர் முயலவும் இல்லை. "நடுங்குது. யாரு இல்லன்னா? வெட்டிக்கிட்டா திட்டு. நாலு பேர் முன்னாடி நல்லா திட்டு, வாங்கிக்கறேன். ஆனா வெட்டாதேன்னு மட்டும் சொல்லாத. அதைக் கேட்டுக்கிட்டு என்னால உக்காந்திருக்க முடியாது, புரியுதா? உக்காந்து பாத்தாச்சு, முடியல."

அந்தக் கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. மகள் ஜூஸ் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். தரவும் இல்லை, பையில் போட்டுக்கொள்ளவும் இல்லை. பொறுப்பாளர், "சொல்லுங்க மேடம்" என்றார். பிறகு இன்னொரு முறையும் சொன்னார்.

மகள் டப்பாவின் அடிக்கதவைத் திறந்தார். திறக்கிற விதம் புரியாமல் ஒரு நிமிடம் தடவினார், மாஸ்டரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கதவு திறந்ததும் கத்தரிக்கோலை வெளியே எடுத்து, அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று இன்னும் தெரியாதவர்போல் மேஜையில் வைத்தார். தன் கையை அதன் மேலிருந்து எடுக்காமலே வைத்தார்.

மாஸ்டர் கத்தரிக்காகக் கையை நீட்டவில்லை. காலடியில் சாய்த்து வைத்திருந்த பெரிய அட்டையை இழுத்து மேஜையில் போட்டார். யாரோ வீட்டில் வாங்கிய மின்விசிறியின் பெட்டி, விரித்தால் மேஜையில் பாதி, விரல் கனம். டேப்பை வைத்து அளந்தார், சாக்பீஸால் கோடு போட்டார். கோடு நடுவில் கொஞ்சம் நெளிந்தது, அழித்து மறுபடி போட்டார்.

"பிடி" என்றார் மகளிடம்.

"என்னது?"

"அந்த ஓரத்தைப் பிடி. அட்டையும் ஆடுது, என் கையும் ஆடுது. ரெண்டும் ஆடினா எப்படி வெட்டறது?"

மகள் அப்படியே நின்றார். வேலைக்குத் திரும்ப வேண்டிய நேரம் கடந்துகொண்டிருந்தது. பிறகு கைப்பையைத் தோளிலிருந்து இறக்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். கத்தரியின் மேலிருந்த கையை எடுத்தார். இரண்டு கையையும் அட்டையின் விளிம்பில், கோடு போய் முடிகிற இடத்துக்கு இரண்டு பக்கமும் ஊன்றிக்கொண்டார்.

மாஸ்டர் வளையத்துக்குள் கட்டைவிரலை நுழைத்தார். முனை அட்டையைத் தொடுவதற்குள் இரண்டு முறை தவறியது. அட்டையைக் கவ்விய பிறகும் நடுக்கம் நிற்கவில்லை, வெட்டு கோட்டைவிட்டு நூலளவு வெளியே போய்த் திரும்பி வந்தது. இரும்பு கனமாகப் பேசியது. யாரும் இருமவில்லை, இப்போது அதற்குத் தேவையும் இல்லை. கத்தரி பாதி அட்டையைக் கடந்து மகளின் விரல்களை நோக்கி வந்தபோது, மகள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

மாஸ்டர் கத்தரியை நிறுத்தினார். "கண்ணத் திற. பாத்துப் பிடி."

மகள் கண்ணைத் திறந்தார். விரல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அட்டையைத் தன் பக்கம் இழுத்து, விறைப்பாகப் பிடித்துக்கொண்டார்.